ரேஸ் போச்சு, ரம்மி போச்சு, லாட்டரி எப்போதோ போச்சு. சூதாட்டம் போச்சா?

மேல்குன்னூர்:

ஊட்டி ரேஸ் கோர்ஸின் 52 ஏக்கரை 2024-ல் அரசு திரும்ப எடுத்துக்கொண்டது எல்லோருக்கும் தெரியும். குத்தகை 1978-லேயே முடிந்துவிட்டது, வாடகை பாக்கி 822 கோடி என்றார்கள். பூங்கா வரப்போகிறது என்று தோட்டக்கலைத் துறையிடம் கொடுத்தாயிற்று. 2025 ஆகஸ்டில் மத்திய அரசு சட்டம் போட்டு, காசு கட்டி ஆடும் ஆன்லைன் ஆட்டங்களை மொத்தமாக மூடியது. லாட்டரிச் சீட்டு 2003 ஜனவரியிலேயே ஜெயலலிதா ஆட்சியில் நின்றுபோனது. ஏட்டளவில் பார்த்தால், நம் மாவட்டத்தில் இன்று பணம் வைத்து ஆட ஒரு வழியும் இல்லை.

நடப்பு வேறு. எங்கள் தெரு டீக்கடையில் மதியம் மூன்று மணிக்கு நாலைந்து பேர் போனையே பார்த்துக்கொண்டு நிற்கிறார்கள். கேரளா லாட்டரி ரிசல்ட்டாம். ஐபிஎல் வந்தால் ஓவருக்கு ஓவர் பந்தயம். யாரைக் கேட்டாலும் "சூதாட்டமா, சீச்சீ" என்பார்கள். அதே ஆள் ஓணம் நெருங்கினால் கூடலூர் போகும் டிரைவரிடம் ஐந்நூறு ரூபாயைக் கொடுத்து "கேரளா பக்கம் போனா ஒரு பம்பர் சீட்டு எடுத்துட்டு வாப்பா" என்பார்.

இப்படி மூடி மூடி வைப்பதற்குப் பதில் சட்டப்படி அனுமதித்து, வரி வாங்கி, கண்காணித்தால் என்ன என்று நண்பர்கள் சிலர் சொல்கிறார்கள். எனக்கு இன்னும் ஒரு முடிவுக்கு வர முடியவில்லை. ஆமாம், இல்லை என்று ஒரே வார்த்தையில் முடித்துவிடாமல், உங்கள் பக்கம் என்ன நடக்கிறது என்று எழுதுங்கள்.

தாளூர்_பார்டர்:

எங்கள் ஊரில் இந்தக் கேள்வியைக் கேட்டால் சிரிப்பார்கள் சார். செக்போஸ்ட்டைத் தாண்டினால் வயநாடு. அந்தப் பக்கம் லாட்டரிச் சீட்டு விற்பது அரசாங்கத் தொழில், இந்தப் பக்கம் விற்றால் கேஸ். நடுவில் இருப்பது ஒரு ரோடு.

கேரளாக்காரர்கள் இதை 1967-ல் ஆரம்பித்தார்கள். இன்றுவரை தினமும் குலுக்கல். சீட்டு விற்பவர்களில் நடக்க முடியாதவர்கள், வயதானவர்கள் நிறைய. அவர்களுக்கு அதுதான் கஞ்சி. காருண்யா என்று ஒரு சீட்டு, அதில் வரும் காசில் ஏழைகளுக்கு வைத்தியம் என்று 2011-ல் கொண்டுவந்தார்கள். 2023 ஓணம் பம்பர் 25 கோடி யாருக்கு விழுந்தது? திருப்பூர்ப் பக்கம் நாலு பேருக்கு. வாளையாறில் வாங்கிய சீட்டு. கமிஷனும் வரியும் போக பாதியை ஒட்டித்தான் கைக்கு வரும். இருந்தாலும் பாதி என்றாலும் பன்னிரண்டு கோடி ஆச்சே!

அதனால் என் ஓட்டு அனுமதிக்குத்தான். நம் ஜனங்களின் காசு எப்படியும் போகிறது, கேரள கஜானாவுக்குப் போகிறது. நம்முடையதுக்கே போகட்டும்.

கோத்தகிரி_டு_கோவை:

தாளூர் அண்ணன் சொன்னதை வழிமொழிகிறேன். இது என் சொந்தச் சரக்கு இல்லை. கிரிக்கெட் வாரியத்தைச் சீர்திருத்த உச்ச நீதிமன்றம் அமைத்த லோதா கமிட்டி, 2016-ல் கிரிக்கெட் பந்தயத்தைச் சட்டபூர்வமாக்கச் சொன்னது. 2018-ல் சட்ட ஆணையம் தன் 276-வது அறிக்கையில், முழுசாகத் தடுக்க முடியாவிட்டால் முறைப்படுத்துவதுதான் வழி என்றது. பான், ஆதார் எண்ணோடு இணை, வரவு செலவு தெரியட்டும் என்றது. கோவாவில் ஆற்றில் கப்பல் நிறுத்தி ஆட விட்டிருக்கிறார்கள், ஊரா மூழ்கிவிட்டது? அங்கே உள்ளூர்க்காரர்கள் ஆட முடியாது என்று 2020-ல் ஒரு வரம்பும் போட்டுவிட்டார்கள். சிங்கப்பூரில் சொந்தக் குடிமக்கள் உள்ளே போக ஒரு நாளைக்கு 150 வெள்ளி கட்ட வேண்டும். வழி இருக்கிறது.

நம் மாநிலத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். 2025 பிப்ரவரியில் தமிழ்நாடு அரசு ஒரு நல்ல விதி கொண்டுவந்தது. ஆதார் இல்லாமல் ஆட முடியாது. இரவு 12 மணி முதல் காலை 5 மணி வரை ஆட்டம் மூடியிருக்கும். தொடர்ந்து ஆடினால் இவ்வளவு நேரம் ஆயிற்று, இவ்வளவு காசு போயிற்று என்று திரையில் எச்சரிக்கை வரும். கம்பெனிகள் வழக்குப் போட்டன. ஜூனில் உயர் நீதிமன்றம் விதி செல்லும் என்றது. இரண்டே மாதத்தில் மத்திய சட்டம் வந்து எல்லாவற்றையும் மூடியது. இன்று என்ன ஆயிற்று? வெளிநாட்டு சைட்டுக்கு ஆதாரும் வேண்டாம், நள்ளிரவும் கிடையாது. இருந்த வேலியையும் பிடுங்கிப் போட்டார்கள்.

கேரட்_மண்டி:

முத்தொரையில் குத்தகைக்கு நிலம் எடுத்துக் கேரட் போட்டு, மேட்டுப்பாளையம் மண்டி ரேட்டுக்காகக் காத்திருப்பவன் நான். என்னிடம் வந்து சூதாட்டத்தைச் சட்டபூர்வமாக்கலாமா என்று கேட்கிறீர்களே, நியாயமா?

குழு_அக்கா:

கேரட் தம்பி, ரேட்டு விழுந்தால் மாட்டுக்காவது போடலாம். விவசாயமும் ஒரு சூதாட்டம்தான் என்கிற அந்த ஒப்பீடு வேண்டாம்.

நான் கோத்தகிரிப் பக்கம் மகளிர் குழு நடத்துகிறேன். கோவை தம்பி அறிக்கை நம்பரெல்லாம் சொல்கிறார், சந்தோஷம். நான் பார்த்ததைச் சொல்கிறேன்.

வாரக் கடன் எப்படி என்று தெரியாதவர்களுக்கு: பத்துப் பெண்கள் சேர்ந்து கையெழுத்துப் போடுவோம். ஒருத்தி கட்டவில்லை என்றால் மற்ற ஒன்பது பேர் போட்டுக் கட்ட வேண்டும். வசூலுக்கு வரும் பையன் காலையில் வீட்டு வாசலில் பாய் விரிக்கச் சொல்லி உட்காருவான், நோட்டில் எல்லோருக்கும் டிக் விழும்வரை எழுந்திருக்க மாட்டான். யாரும் கொழுந்து பறிக்கப் போக முடியாது. அன்றைய கூலியும் போயிற்று.

எங்கள் குழுவில் ஒரு பெண் மாடு வாங்க என்று கடன் எடுத்தாள். பணம் அவள் கணக்கில் விழுந்த அன்றே வீட்டுக்காரர் ரம்மியில் போட்டுவிட்டார். முதலில் ஜெயித்தாராம். ஆயிரத்து இருநூறு வந்த மெசேஜை அவளிடமே காட்டி, "பாத்தியா, ஒரு மணி நேரத்துல நாலு நாள் கூலி" என்றாராம். அப்புறம் மூன்று ராத்திரியில் மாடு முழுசும் போயிற்று. ஆடியது ஒருவர். கட்டியது நாங்கள் ஒன்பது பேர், ஒன்றரை வருஷம். அந்த ஆட்டம் அப்போது சட்டப்படிதான் நடந்தது தம்பி! கம்பெனி ஜிஎஸ்டி கட்டியது, டிவியில் நடிகர்கள் வந்து ஆடச் சொன்னார்கள். சட்டபூர்வம் என்றால் என்ன என்று நாங்கள் பார்த்துவிட்டோம்.

நள்ளிரவில் மூடுகிறார்கள் என்றீர்கள். அவர் ஆடியது சாயங்காலம் ஏழிலிருந்து பதினொன்று வரை.

கோத்தகிரி_டு_கோவை:

அக்கா, உங்கள் வலி புரிகிறது. ஆனால் அது நடந்தபோது ஆதார் விதியும் இல்லை, உச்சவரம்பும் இல்லை. மாதத்துக்கு இவ்வளவுக்கு மேல் போட முடியாது என்று வைத்திருந்தால் மாடு பிழைத்திருக்கும்.

குழு_அக்கா:

வைத்திருந்தால்.

பழைய_டோட்:

நான் சீசனில் ஊட்டி ரேஸ் கோர்ஸில் பந்தயப் பணம் கட்டும் டோட் கவுன்டரில் சீட்டுக் கொடுத்தவன். சம்பளம் பெரிசு இல்லை, ஆனால் ஏப்ரல் பாதியிலிருந்து ஜூன் வரை கையில் காசு புரளும். சென்னையிலிருந்தும் பெங்களூரிலிருந்தும் குதிரைகள் லாரியில் வரும். ஒவ்வொன்றுக்கும் ஒரு சைஸ், அதாவது குதிரையைப் பராமரிப்பவர், இருப்பார்; குளிரில் குதிரைக்குக் கம்பளி போர்த்திவிட்டு இவர் துண்டைப் போர்த்திக்கொண்டு நிற்பார். புல் கட்டு விற்றவர்கள், டீ விற்றவர்கள், ரூம் வாடகைக்கு விட்டவர்கள் என்று ஒரு கூட்டமே பிழைத்தது. அதை யாரும் கணக்கில் எடுப்பதில்லை.

குதிரை ஓட்டத்தைத் திமுக அரசு 1974-லேயே சட்டம் போட்டு ஒழிக்கப் பார்த்தது. வழக்கு இருபது வருஷம் இழுத்து, 1996-ல் உச்ச நீதிமன்றம் "இது திறமை சார்ந்த விளையாட்டு, சூதாட்டம் இல்லை" என்று தீர்ப்புச் சொன்னது. கவுன்டருக்கு உள்ளே உட்கார்ந்து பார்த்தவன் சொல்கிறேன்: குதிரையின் வம்சம், ஜாக்கி, எடை, தரை ஈரம் என்று ரேஸ் புக்கில் பென்சிலால் கோடு போட்டு வருபவர்கள் நூற்றுக்குப் பத்துப் பேர் இருப்பார்கள். மீதிப் பேர் "ஏழாம் நம்பர், எனக்கு ராசி" என்பவர்கள்தான். திறமை குதிரைக்கு இருந்தது, ஜாக்கிக்கு இருந்தது. சீட்டு வாங்கியவருக்கு இருந்ததா என்பது எனக்கு இன்றும் சந்தேகம்.

வரி வாங்கலாம் என்கிறார்களே, அதற்கும் ஒரு கதை உண்டு. 2017-ல் ஜிஎஸ்டி வந்தது. பந்தயத் தொகை முழுவதற்கும் 28 சதவீதம் என்றார்கள். லாபத்துக்கு இல்லை, போடுகிற காசுக்கே. ஒழுங்காகக் கவுன்டரில் நின்று சீட்டு எடுத்தவர்கள் ஒருவர் ஒருவராகக் காணாமல் போனார்கள். எங்கே போனார்கள்? வெளியே மரத்தடியில் நின்று போனில் புக்கியிடம், அதாவது கள்ளப் பந்தயம் வாங்குபவனிடம், போட்டார்கள். அவனிடம் வரி இல்லை, கடனும் தருவான். கம்பிக்கு உள்ளே ஓடுவது அதே குதிரைதான். ஆக, வரியைக் கூட்டினால் கள்ளம் வளரும், குறைத்தால் அரசுக்கு ஒன்றும் மிஞ்சாது. அந்த நடுப்புள்ளியை எந்த அமைச்சர் கண்டுபிடிப்பார் என்று தெரியவில்லை.

தாளூர்_பார்டர்:

டோட் ஐயா, சட்டத்துக்கு உட்பட்ட ஆட்டத்தை ஒட்டித்தான் கள்ள ஆட்டம் முளைக்கிறது என்பது எங்கள் பக்கமும் உண்மை. மேல்குன்னூர் சார் டீக்கடையில் பார்த்தாரே, அதுதான் மூணு நம்பர். கேரளா முதல் பரிசின் கடைசி மூன்று எண்ணை முன்கூட்டியே சொல்ல வேண்டும். துண்டுச் சீட்டில் எழுதிக் கொடுப்பான், இப்போது அதுவும் இல்லை, வாட்ஸ்அப்தான். ஆயிரத்தில் ஒரு வாய்ப்பு. பத்து ரூபாய்க்குப் பத்தாயிரம் கொடுத்தால்தான் நியாயக் கணக்கு. ஐயாயிரம் தருகிறேன் என்பவன் நம் காசில் பாதியை உட்கார்ந்த இடத்தில் எடுத்துக்கொள்கிறான். அதையும் ஒழுங்காகத் தந்தால்தான்.

இதையும் ஒத்துக்கொண்டுவிடுகிறேன்: கேரளாவில் சீட்டு சட்டபூர்வம். ஆனால் அங்கேயும் இந்த மூணு நம்பர் நடக்கத்தான் செய்கிறது. போலீஸ் பிடிக்கத்தான் செய்கிறது.

வக்கீல்_உதகை:

சட்டத்தைக் கொஞ்சம் தெளிவுபடுத்திவிடுகிறேன், ஏனென்றால் ஆளுக்கு ஒன்று சொல்கிறார்கள். பந்தயமும் சூதாட்டமும் அரசியல் சாசனப்படி மாநிலப் பட்டியலில், 34-வது இனம். அரசு நடத்தும் லாட்டரி மத்தியப் பட்டியல், 40. நம் மாநிலத்தில் அடிப்படை 1930-ம் வருஷச் சட்டம். (சைபர் மோசடிக்குப் போன் போட வேண்டிய எண்ணும் 1930 என்பது தற்செயல்தான், நினைவு வைத்துக்கொள்ள வசதி.) ஆன்லைன் ரம்மியை நம் அரசு 2021-ல் தடுத்தது, நீதிமன்றம் ரத்து செய்தது. நீதிபதி சந்துரு குழு அறிக்கை வாங்கி 2022-ல் மறுபடி மசோதா. ஆளுநர் திருப்பி அனுப்பி, சட்டமன்றம் இரண்டாம் முறை நிறைவேற்றி, 2023 ஏப்ரலில் ஒப்புதல். அதே நவம்பரில் உயர் நீதிமன்றம், சட்டம் சரி, ஆனால் ரம்மியும் போக்கரும் திறமை ஆட்டம், அவற்றைத் தொடாதே என்றது.

2025 மத்திய சட்டம் அந்தத் திறமை, அதிர்ஷ்டம் என்ற வேறுபாட்டையே தூக்கிப் போட்டுவிட்டது. காசு கட்டினால் தடை, அவ்வளவுதான். நடத்துபவருக்கு மூன்று வருஷம் வரை சிறை, ஒரு கோடி வரை அபராதம். ஆடுபவருக்குத் தண்டனை இல்லை. அது எனக்குப் பிடித்த ஒரே பகுதி. உச்ச நீதிமன்றத்தில் வழக்குப் போட்டிருக்கிறார்கள்.

கேரட்_மண்டி:

வக்கீல் சார், அப்போ டீக்கடை மூணு நம்பர்?

வக்கீல்_உதகை:

விற்பவர் மீது வழக்கு வரும். வாங்கியவர் சாட்சி ஆவதற்குள் கடை வேறு தெருவுக்குப் போயிருக்கும்.

கோத்தகிரி_டு_கோவை:

ஒரு விஷயம் யோசித்துப் பாருங்கள். லாட்டரியை நிறுத்திய அதே 2003 கடைசியில்தான் டாஸ்மாக் சில்லறைக் கடைகளை அரசே எடுத்து நடத்த ஆரம்பித்தது. குடி கூடாது என்று யாரும் எல்லாக் கடையையும் மூடவில்லை. நம் மாவட்டத்தில் என்ன ஆயிற்று? காட்டில் பாட்டில் உடைந்து யானைக் காலில் குத்துகிறது என்று, காலி பாட்டிலைத் திருப்பித் தந்தால் பத்து ரூபாய் என்ற திட்டத்தை 2022-ல் நீலகிரியில்தான் முதலில் கொண்டுவந்தார்கள். பாட்டில் திரும்பி வந்ததா இல்லையா? விற்பனை அரசின் கையில் இருந்ததால்தானே அது முடிந்தது? சாராயம் கள்ளத்தனமாக விற்றிருந்தால் யாரிடம் போய் பாட்டிலை வாங்கிக்கொள் என்று கேட்பீர்கள்?

குழு_அக்கா:

பாட்டில் வந்தது தம்பி. அதைக் குடித்தவரின் கூலி வீட்டுக்கு வரவில்லையே. எங்கள் லயனில், அதாவது தோட்டத் தொழிலாளர் வரிசை வீடுகளில், அந்தப் பத்து ரூபாயைக்கூட அடுத்த பாட்டிலுக்குத்தான் போடுகிறார்கள்.

அரசாங்கம் விற்றால் கட்டுப்படுத்தும் என்கிறீர்கள். தீபாவளிக்கு இத்தனை கோடி விற்றது என்று பேப்பரில் வருகிறதே, அது கட்டுப்படுத்துகிறவன் பேச்சா? வருமானம் வர ஆரம்பித்தால் யாருக்குத்தான் மூட மனசு வரும்?

பழைய_டோட்:

அம்மா சொல்வதற்குப் பதில் இல்லை.

பந்தலூர்_மழை:

ஒரு வாரமாகப் படித்துக்கொண்டுதான் இருந்தேன், எழுத யோசித்தேன். எங்கள் லயனில் ஒரு பையன், பத்தொன்பது வயது, என் அண்ணன் மகன் என்றே வைத்துக்கொள்ளுங்கள். தடை வந்த பிறகு அவனும் ஆடவில்லை. வேறொன்று செய்தான். டெலிகிராமில் ஒருவன் பேசி, பேங்க் பாஸ்புக், ஏடிஎம் கார்டு, ஒரு சிம் மூன்றையும் கொடுத்தால் மூவாயிரம் ரூபாய் தருவதாகச் சொல்லியிருக்கிறான். கூரியரில் அனுப்பிவிட்டான். அது வெளிநாட்டுப் பந்தய சைட்டுக்குப் பணம் வாங்கும் கணக்கு ஆகியிருக்கிறது. இரண்டு மாதத்தில் அதில் லட்சக்கணக்கில் வந்து போயிருக்கிறது. இவன் பார்த்தது மூவாயிரம். இப்போது வேறு மாநிலப் போலீஸிலிருந்து நோட்டீஸ், கணக்கு முடக்கம். அவன் அம்மாவின் பென்ஷனும் அதே கணக்கில்தான் விழும்.

அனுமதிக்கலாமா வேண்டாமா என்று கேட்டால் எனக்குச் சொல்லத் தெரியவில்லை. தடை போட்ட பிறகு ஆட்டம் நிற்கவில்லை, எங்கள் பிள்ளைகளின் பெயரில் நடக்கிறது.

கோத்தகிரி_டு_கோவை:

இதைத்தான் முதலிலிருந்து சொல்கிறேன்.

குழு_அக்கா:

தம்பி, ஒரு குடும்பம் தவிக்கும்போது இதைத்தான் சொன்னேன் என்பதா?

கோத்தகிரி_டு_கோவை:

சரி அக்கா. மன்னிக்கவும்.

மேல்குன்னூர்:

கேள்வி கேட்டவன் ஒதுங்கி நிற்கக் கூடாது, என் நிலையைச் சொல்லிவிடுகிறேன்.

எல்லாவற்றையும் சூதாட்டம் என்ற ஒரே மூட்டையில் கட்டுவதால்தான் பேச்சு முன்னும் பின்னும் இழுக்கிறது. தாளூர்க்காரர் சொல்லும் சீட்டை வாங்கக் கடைக்குப் போக வேண்டும், கையில் காசு வேண்டும், ரிசல்ட்டுக்குக் குலுக்கல் வரை காத்திருக்க வேண்டும். டோட் ஐயாவின் ரேஸுக்குச் சீசன் வர வேண்டும், ஒரு ஓட்டத்துக்கும் அடுத்ததற்கும் நடுவில் அரை மணி நேரமாவது இருக்கும். அதற்குள் மனைவி போன் செய்யலாம், பஸ்ஸுக்கு நேரமாகலாம், புத்தி வரலாம். போனில் ஆடும் ரம்மியில் தோற்ற மறு நிமிஷம் அடுத்த ஆட்டம், காசு தீர்ந்தால் அதே போனில் லோன் ஆப். நீதிமன்றமும் கமிட்டியும் திறமையா அதிர்ஷ்டமா என்று பல வருஷமாக வாதாடுகின்றன. எனக்கு அது முக்கியமாகப் படவில்லை. எவ்வளவு வேகமாகத் திரும்பத் திரும்பப் பணம் வைக்க முடிகிறது, அந்தப் பணம் கையிருப்பா கடனா, இந்த இரண்டையும் பார்த்தால் போதும்.

அதனால் அரசு நடத்தும் காகிதச் சீட்டு, வாரம் ஒரு குலுக்கல் என்றால் நான் கை தூக்குவேன். தினசரிக் குலுக்கல் வேண்டாம், மூணு நம்பருக்கு அதுதான் தீனி. போனில் ஆடுவது எந்த ரூபத்திலும் வேண்டாம், எவ்வளவு வரி கட்டினாலும் வேண்டாம். ஆனால் தடை போட்டோம் என்று கையைத் துடைத்துக்கொண்டு போவதும் ஆகாது. பந்தலூர் பையனுக்கு யாராவது கணக்கைக் கொடுக்காதே என்று பள்ளிக்கூடத்திலேயே சொல்லியிருக்க வேண்டும்.

குழு_அக்கா:

வாரச் சீட்டுக்கும் நான் கை தூக்க மாட்டேன். வீட்டில் ஐம்பது ரூபாய் எதற்குத் தேவைப்படும் என்று தெரிந்தவர்கள் சட்டம் எழுதும் இடத்தில் இல்லை. ஆனால் வேகம் என்று சொன்னீர்களே, அது சரி. குடித்து அழித்தவரை நான் பத்து வருஷம் பார்த்தேன், இந்த மாட்டுக்காரர் மூன்று ராத்திரியில் முடித்துவிட்டார்.

தாளூர்_பார்டர்:

வாரம் ஒரு குலுக்கல் வைத்தால் எங்கள் ஊர்க்காரன் மீதி ஆறு நாளும் ரோட்டைத் தாண்டுவான் சார். இருந்தாலும் பரவாயில்லை, ஒரு நாளாவது நம் கஜானாவுக்கு வரும்.

பழைய_டோட்:

ரேஸ் கோர்ஸில் பூங்கா வரட்டும், எனக்கு வருத்தம் இல்லை. சைஸ்களில் ஒரு சிலருக்காவது அங்கே தோட்ட வேலை கொடுத்தால் நல்லது. செடிக்குத் தண்ணீர் ஊற்ற வம்சாவளி பார்க்க வேண்டியதில்லை.

வக்கீல்_உதகை:

பந்தலூர் நண்பருக்கு: நோட்டீஸை எடுத்துக்கொண்டு முதலில் வங்கிக் கிளைக்குப் போங்கள். எந்தப் பரிவர்த்தனைக்காக முடக்கினார்கள், எந்தக் காவல் நிலையம், புகார் எண் என்ன என்று எழுத்தில் கேளுங்கள். கார்டும் சிம்மும் கைமாறிய விவரத்தை மறைக்காமல் எழுதி, கூரியர் ரசீதும் டெலிகிராம் பேச்சின் ஸ்கிரீன்ஷாட்டும் வைத்து, ஊட்டி சைபர் கிரைமில் மனு கொடுங்கள். சிம்மை இன்றே நிறுத்துங்கள். பையன் பயந்து போனை அழித்துவிடப் போகிறான், அதை மட்டும் செய்ய விடாதீர்கள். நோட்டீஸுக்குப் பதில் கொடுக்கும் முன் நேரில் ஒரு வக்கீலிடம் காட்டுங்கள், நானே பார்க்கிறேன் என்றாலும் சரி, கட்டணம் வேண்டாம். அம்மாவின் பென்ஷனுக்கு அவர் பெயரில் தனிக் கணக்குத் தொடங்கி, தாலுகா ஆபீஸில் மாற்றி எழுதிக் கொடுத்தால் அடுத்த மாதத்திலிருந்தாவது சிக்காது.

பந்தலூர்_மழை:

நன்றி சார். ரசீது இருக்கிறது. டெலிகிராம் பேச்சில் பாதியை அந்தப் பக்கமே அழித்துவிட்டான், மீதி இருக்கிறது. திங்கட்கிழமை பையனையும் கூட்டிக்கொண்டு முதல் பஸ்ஸில் ஊட்டி வருகிறோம்.

வக்கீல்_உதகை:

நோட்டீஸின் ஜெராக்ஸ் இரண்டு எடுத்து வாருங்கள். கோர்ட் பதினொன்றுக்கு, அதற்கு முன் வந்தால் உட்கார்ந்து பேசலாம்.